நேரமா, இலக்கா, பொறுப்பா? மென்பொருள் குழுவை நடத்த மூன்று வழிகள்

நாற்பது, ஐம்பது பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் முதலாளிக்குத் தன் கம்பெனிக்குள் என்ன நடக்கிறது என்பதே பிடிபடாமல் போகும். பத்துப் பேராக இருந்தபோது யார் எதை எழுதுகிறார்கள், எந்தக் கிளையன்ட் எதற்காகக் கோபப்படுகிறார் என்பதெல்லாம் தானாகக் காதில் விழுந்துகொண்டிருந்தது. இப்போது குழுக்கள் பிரிந்துவிட்டன, பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள், செய்யப்படும் வேலையில் பாதி அவர் கற்றிராத தொழில்நுட்பத்தில் நடக்கிறது. இவர்களை எப்படி நடத்துவது என்ற கேள்வி அப்போதுதான் உண்மையாகவே எழுகிறது.

பதிலாக மேசைக்கு வருபவை பெரும்பாலும் மூன்று. முதலாவது, நேரத்தைப் பார்ப்பது: வருகைப் பதிவு, டைம்ஷீட், திரையைப் படம் பிடிக்கும் மென்பொருள். இரண்டாவது, இலக்கைப் பார்ப்பது: இந்தக் காலாண்டில் இது முடிய வேண்டும், எப்படி முடிப்பது என்பது உங்கள் பாடு. மூன்றாவது, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. ஆட்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தும் பெல் கர்வ் என்ற நான்காவது வழியும் உண்டு. அதற்கு இங்கே ஒரு பத்திக்கு மேல் தரப்போவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு வயது அதிகம். 1911இல் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர் தொழிற்சாலை வேலையை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பிரித்து அளக்க முடியும் என்று எழுதியபோது அவர் சொன்னது தவறில்லை. இரும்பைத் தூக்கி வண்டியில் போடுகிறவரின் வேலை மேற்பார்வையாளரின் கண்ணுக்குத் தெரிந்தது. 1959இல் அறிவுப் பணியாளர் என்ற புது வகைத் தொழிலாளியைப் பற்றிப் பேசத் தொடங்கிய மேலாண்மைச் சிந்தனையாளர் பீட்டர் டிரக்கர், நாற்பது ஆண்டுகள் கழித்து 1999இல் எழுதிய கட்டுரையில் இன்னும் நேராகச் சொன்னார்: தொழிற்சாலையில் என்ன வேலை என்பது ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது, எப்படிச் செய்வது என்பது மட்டுமே கேள்வி, அறிவுப் பணியிலோ என்ன வேலை என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் பெரும்பாலும் வேலை செய்கிறவரிடம்தான் இருக்கிறது. மேலாளரைவிட அந்த வேலையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவருக்குக் கீழே இருக்கிறார். மூன்று வழிகளும் இந்த ஒரே சங்கடத்தைச் சமாளிக்கும் மூன்று முயற்சிகள்.

எதை வைத்து ஒப்பிடுவது?

உற்பத்தித்திறனை வைத்து என்று சொல்லிவிடலாம். ஆனால் மென்பொருளில் அதை அளக்க நம்பத்தகுந்த ஒற்றை எண் கிடையாது. எழுதிய வரிகளை எண்ணினால் வரிகள் பெருகும். மூடிய டிக்கெட்டுகளை, அதாவது பதிவான வேலைக் கோரிக்கைகளை, எண்ணினால் ஒரே வேலை நான்கு டிக்கெட்டாகப் பிரியும். இதைச் செய்கிறவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. எதைப் பார்க்கிறீர்களோ அதைக் காட்டுகிறார்கள்.

என் அளவுகோல் வேறு. கெட்ட செய்தி மேலே வந்துசேர எத்தனை நாள் ஆகிறது? இந்த வடிவமைப்பு தாங்காது, இந்தத் தேதிக்கு முடியாது, கிளையன்ட் கேட்டதை நாம் தவறாகப் புரிந்துகொண்டோம் என்பதெல்லாம் முதலில் யாரோ ஒரு பொறியாளருக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரிந்த நாளுக்கும் முடிவெடுக்க வேண்டியவருக்குத் தெரிந்த நாளுக்கும் உள்ள இடைவெளியில்தான் பணம் கரைகிறது. நம் ஊர் அலுவலகங்களில் அந்த இடைவெளிக்கு ஒரு நிரந்தர வாசகம் உண்டு: “தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது சார்.” மீதிப் பத்துச் சதவீதம் இரண்டு மாதம் ஓடும். வாரந்தோறும் போகும் அறிக்கையில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்கும். கிளையன்ட் கையில் போனபிறகுதான் சிவப்பு தெரியும். இதைத் தர்ப்பூசணி அறிக்கை என்று திட்ட மேலாளர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

இந்த அளவுகோலுக்கு ஆதாரம் இருக்கிறது. 1990களில் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு நேர்மாறான கணக்கு கிடைத்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் தவறுகளை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்டுகொண்ட விளக்கம். பின்னால் கூகுள் தன்னுடைய நூற்றெண்பது குழுக்களை ஆராய்ந்து, எந்தக் குழு ஏன் நன்றாக வேலை செய்கிறது என்று தேடியபோதும் முதலிடத்தில் வந்து நின்றது இதே விஷயம்தான்: தெரியாது என்றும், தவறிவிட்டது என்றும் அச்சமின்றிச் சொல்ல முடிகிற நிலை. யார் எந்தக் கல்லூரியில் படித்தவர் என்பது அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணம் நோக்கியா. 2005 முதல் 2010 வரையான காலத்தைப் பற்றி அந்த நிறுவனத்தின் மேலாளர்கள், பொறியாளர்கள் உட்பட 76 பேரிடம் பேசி எழுதப்பட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது. நோக்கியா கைபேசிகளில் ஓடிய சிம்பியன் இயங்குதளம் ஐபோனுக்கு ஈடு கொடுக்காது என்பது இடைநிலை மேலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. மேலே இருந்தவர்களின் கோபத்துக்குப் பயந்து அவர்கள் நிலைமையை மெருகேற்றிச் சொன்னார்கள். மேலே இருந்தவர்களோ வெளியிலிருந்த போட்டியாளர்களுக்குப் பயந்து இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று நெருக்கினார்கள். திறமைக்கு அங்கே பஞ்சமே இல்லை.

நேரத்தைப் பார்ப்பது

இந்த வழியை ஏளனம் செய்வது எளிது. ஆனால் அதற்கு நியாயமான இடங்கள் உண்டு. மணிக் கணக்கில் பில் போடும் சேவை நிறுவனத்தில் டைம்ஷீட் இல்லாமல் சம்பளம் கொடுக்க முடியாது. வேலையே எண்ணிக்கையாக இருக்கும் இடங்களிலும் நேரம் நல்ல அளவு. சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனம் 2010இன் இறுதியில் தன் ஷாங்காய் அழைப்பு மைய ஊழியர்களில் ஒரு பகுதியினரை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்துப் பார்த்தது. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் அவருடைய சக ஆய்வாளர்களும் கணக்கெடுத்தார்கள். வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. அதில் 9 சதவீதம், ஒவ்வொரு ஷிஃப்டிலும் கூடுதல் நிமிடங்கள் வேலை செய்ததால் வந்தது. எத்தனை அழைப்பு எடுத்தார் என்று கணினியே எண்ணிவிடுகிற இடத்தில் நிமிடத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

அதே அளவுகோலை வடிவமைப்பு செய்கிறவர்மேல் வைத்தால் என்ன ஆகும்? 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் போலியாகக் காட்டிய குற்றத்துக்காகப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கியது. மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கும் சிறு கருவிகள் ஆன்லைன் கடைகளில் வெளிப்படையாகவே விற்கின்றன. இதை ஒழுக்கக் கேடு என்று மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மவுஸ் அசைகிறதா என்று பார்க்கும் மேலாளருக்கு மவுஸ் அசைவு கிடைக்கிறது. அந்த ஊழியர்கள் செய்திருக்க வேண்டிய வேலை என்ன, அது ஏன் நடக்கவில்லை என்பது ஆள் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளியில் தெரியாது.

2022இல் மைக்ரோசாஃப்ட் 11 நாடுகளில் 20,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், தாங்கள் நன்றாக வேலை செய்வதாக 87 சதவீத ஊழியர்கள் சொன்னார்கள். சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்ற ஹைப்ரிட் முறை வந்தபின் அப்படி நம்புவது கடினமாகிவிட்டது என்று 85 சதவீதத் தலைவர்கள் சொன்னார்கள். இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் இந்த அவநம்பிக்கைதான் கண்காணிப்பு மென்பொருளை விற்கிறது. வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் நாராயண மூர்த்தி சொன்னதும், 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம் என்றதும் நாடு முழுக்கச் சண்டையானது. மணி நேரத்தை எண்ண முடியும், அதனால் அதைப் பற்றி வாதிடவும் முடியும். எழுபதாவது மணி நேரத்தில் எழுதிய நிரலை யார் திருத்தினார்கள் என்ற கேள்வியை இரு தரப்பிலும் அதிகம் பேர் கேட்கவில்லை.

என் அளவுகோலில் இந்த வழி மிக மோசமாகத் தோற்கிறது. திரை கண்காணிக்கப்படும் பொறியாளர், மூன்று நாளாகத் தவறான திசையில் போய்க்கொண்டிருந்தேன் என்று வந்து சொல்ல மாட்டார். நான்காவது நாளும் சுறுசுறுப்பாகத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். உட்கார்ந்து யோசிப்பதும், சக ஊழியரின் வெள்ளைப் பலகை முன் நிற்பதும் வேலை செய்யாத நேரமாகப் பதிவாகும்.

அலுவலகம் வேறு, கண்காணிப்பு வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வீட்டிலிருந்து வேலை பற்றிய விவாதம் எப்போதும் சூடாகவே முடிகிறது. அலுவலகத்துக்கு வரச் சொல்வதற்குக் கண்காணிப்பைத் தவிர வேறு நல்ல காரணம் ஒன்று உண்டு: கற்றுக்கொள்வது. அமெரிக்காவின் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், ஒரே கட்டடத்தில் அருகருகே அமர்ந்த குழுக்களில் கோட் ரிவியூவின்போது, அதாவது ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்க்கும்போது, கிடைக்கும் கருத்துகள் அதிகம் என்று கண்டார்கள். அதனால் அதிகம் பயன்பெற்றவர்கள் இளையவர்கள். விலை கொடுத்தவர்கள் மூத்தவர்கள். சொல்லிக் கொடுப்பதில் நேரம் போனதால் அவர்கள் எழுதிய கோட் குறைந்தது. கொரோனாக் காலத்தில் படிப்பை முடித்து வீட்டிலிருந்தே வேலையில் சேர்ந்தவர்களை வைத்துக் குழு நடத்திய யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. கேள்வி கேட்கத் தயங்கியே அவர்கள் வாரங்களை இழந்தார்கள்.

முழுநேர அலுவலகம்தான் தீர்வு என்றும் ஆகிவிடாது. சிட்ரிப், இப்போது டிரிப்.காம், 1,612 ஊழியர்களை வைத்து இன்னொரு சோதனை செய்து, அதன் முடிவுகள் 2024இல் நேச்சர் இதழில் வெளிவந்தன. இந்த முறை அழைப்பு மையம் இல்லை. பொறியாளர்கள், சந்தைப்படுத்தல், நிதித் துறைக்காரர்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறனும் பதவி உயர்வும் குறையவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். எனக்குச் சுவையாக இருந்தது இன்னொரு கணக்கு. சோதனைக்கு முன் மேலாளர்கள் உற்பத்தி 2.6 சதவீதம் குறையும் என்று கணித்தார்கள். முடிந்தபின் அதே மேலாளர்கள் 1 சதவீதம் கூடியிருக்கிறது என்றார்கள். கண்ணால் பார்த்தபிறகு மாறிய கருத்து அது.

நம் பக்கத்தில் பெரிய நிறுவனங்கள் இதில் தள்ளாடியதைப் பார்த்தோம். 2025க்குள் கால்வாசி ஊழியர்கள் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020இல் அறிவித்த டிசிஎஸ், 2023 அக்டோபரில் ஐந்து நாளும் வரச் சொன்னது. ஜோஹோ மூன்றாவதாக ஒரு பாதையை எடுத்தது. வீட்டுக்கும் தலைமையகத்துக்கும் நடுவே, தென்காசி அருகே மத்தளம்பாறை போன்ற இடங்களில் அலுவலகங்களை வைத்தது. ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை, பக்கத்தில் சொல்லித்தர ஆளும் உண்டு. ஐம்பது பேர் நிறுவனத்தால் அதை நகலெடுக்க முடியாது. ஆனால் ஆளைக் கொண்டுவருவதா, அலுவலகத்தைக் கொண்டுபோவதா என்று கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்.

என் தேர்வு: வாரம் மூன்று நாள், குழுவுக்கு ஒரே நாட்கள், கதவில் வருகைப் பதிவு போதும். ஆளுக்கொரு நாளில் வந்து, எதிர் நாற்காலி காலியாக இருக்க, ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீடியோ அழைப்பில் பேசுவதற்கு ஓஎம்ஆர் சாலையில் ஒன்றரை மணி நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

பெல் கர்வ்

ஜாக் வெல்ச் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் மேல் 20, நடு 70, கீழ் 10 சதவீதம் என்று ஆட்களைப் பிரித்துக் கீழே இருந்தவர்களை வெளியேற்றும் முறையைப் பிரபலமாக்கினார். மைக்ரோசாஃப்ட் அதன் ஒரு வடிவத்தை நீண்ட காலம் வைத்திருந்து 2013 நவம்பரில் கைவிட்டது. கெட்டிக்காரர்கள் ஒரே குழுவில் சேர மறுத்தது அங்கிருந்து வந்த முக்கியமான புகார். பத்துப் பேரும் சிறந்தவர்களாக இருந்தாலும் ஒருவர் கீழே போய்த்தானே ஆக வேண்டும்? பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் போட்டியாளர் என்றால் அவரிடம் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். எட்டுப் பேர் கொண்ட குழுவில் இந்த வளைவை வரைவது புள்ளியியலுக்கும் அவமானம். வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

இலக்கைப் பார்ப்பது

நாகரிகமான வழி இது. 1970களில் இன்டெல்லில் ஆண்டி குரோவ் வளர்த்தெடுத்த முறை; அவரிடம் கற்ற ஜான் டோர் 1999இல் அதைச் சிறு நிறுவனமாக இருந்த கூகுளுக்குக் கொண்டுபோனார். எங்கே போக வேண்டும் என்று ஒரு நோக்கம், அதற்குப் போய்ச் சேர்ந்தோமா என்று அறிய மூன்று நான்கு அளவிடக்கூடிய முடிவுகள், காலாண்டுக்கு ஒருமுறை மதிப்பெண். ஓகேஆர் என்ற சுருக்கப் பெயரில் இன்று பல நிறுவனங்களில் இருக்கிறது. வேலையைச் செய்கிறவரிடம் எப்படி என்ற கேள்வியை விட்டுவிடுவதால் டிரக்கர் சொன்ன சங்கடத்துக்குப் பாதிப் பதில் இதில் கிடைத்துவிடுகிறது.

மறுபாதி எங்கே கெடுகிறது என்பதற்கு அதே வெல்ஸ் ஃபார்கோவைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகள் விற்க வேண்டும் என்ற இலக்கைத் துரத்திய ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தது 2016இல் வெளியானது. அபராதம் 18.5 கோடி டாலர், வேலை இழந்தவர்கள் சுமார் 5,300 பேர். நேரத்தைப் பார்த்தபோது மவுஸ் அசைந்தது, எண்ணிக்கையைப் பார்த்தபோது கணக்குகள் முளைத்தன. ஒரே வங்கியில் இரண்டு வழிகளின் நோயையும் பார்க்க முடிவது ஆய்வாளர்களுக்கு வசதி.

அது விற்பனை, நமக்குப் பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். ரிலீஸ் தேதி இலக்கானால் சோதனை சுருங்கும். பக் எனும் நிரல் பிழைகளின் எண்ணிக்கை இலக்கானால் பக்குகள் புது வசதிக்கான கோரிக்கை என்று பெயர் மாறும். இலக்கு கெட்டுப்போவது அதைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடும் நாளில்தான். கூகுளில் இந்த மதிப்பெண்கள் சம்பளத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டதும், பத்துக்கு ஆறு, ஏழு வாங்கினாலே நல்ல மதிப்பெண் என்று கருதப்பட்டதும் தற்செயல் இல்லை. பத்துக்குப் பத்து வாங்கினால் இலக்கு சுலபமாக இருந்தது என்று அர்த்தம். நம் நிறுவனங்கள் முறையை இறக்குமதி செய்துவிட்டு இந்த இரண்டு விதிகளையும் சுங்கத்திலேயே விட்டுவிட்டன. ஏப்ரல் அப்ரைசலில் அதே தாளை எடுத்து வைத்துக்கொண்டு, நான்காவது இலக்கு ஏன் தவறியது என்று கேட்டால், அடுத்த ஆண்டு எந்த ஊழியரும் தவறக்கூடிய இலக்கை எழுத மாட்டார்.

கெட்ட செய்தி விஷயத்தில் இந்த வழி நடுத்தரம். காலாண்டு முடிவில் உண்மை தெரியவரும். அதற்குள் பன்னிரண்டு வாரம் போயிருக்கும். நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இதை முடிப்போம் என்ற நம்பிக்கை உங்களுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பன்னிரண்டு வாரம் நான்காகக் குறையும். எவ்வளவு முடிந்தது என்று கேட்டால் தொண்ணூறு சதவீதம் என்ற பதில் வரும். நம்பிக்கையைக் கேட்டால், பத்துக்கு எட்டாக இருந்தது ஐந்தாகிவிட்டது என்று சொல்லத் தயக்கம் குறைவு.

பொறுப்பை ஒப்படைப்பது

மேலாளர்களே வேண்டாம் என்ற அளவுக்குப் போனவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஜாப்போஸ் காலணி விற்பனை நிறுவனம் ஹோலக்ரஸி என்ற முறையை ஏற்று, 2015இல் ஊழியர்களிடம், பிடிக்கவில்லை என்றால் பணம் வாங்கிக்கொண்டு விலகலாம் என்றது. 14 சதவீதம் பேர் முதல் சில வாரங்களிலேயே விலகினார்கள். பதவிப் பெயர்களை அழித்துவிட்டால் அதிகாரம் அழிந்துவிடாது. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடுகிறது. பழைய ஆள், நிறுவனருக்கு நெருக்கமான ஆள், சத்தமாகப் பேசுகிற ஆள் ஆகியோர் கைக்கு.

ஒப்படைப்பது நன்றாக நடந்த உதாரணம் எனக்குப் பிடித்தது கிட்லேப். நிரலாளர்கள் கூட்டாகக் கோட் எழுதிச் சேமிக்கும் தளத்தை நடத்தும், அலுவலகமே இல்லாத நிறுவனம். எப்படி முடிவெடுப்பது, யார் எதற்குப் பொறுப்பு என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். 2017 ஜனவரி 31 இரவு அங்கே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியது. ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நிறுவனம் மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது, குறிப்புகளைப் பொதுவில் வைத்தது. ஆறு மணி நேரத் தரவு நிரந்தரமாகப் போனது. பொறியாளரின் வேலை போகவில்லை. சம்பவத்துக்குப் பின் அவர்கள் விசாரித்தது பேக்கப் ஏன் ஐந்து இடத்திலும் தோற்றது என்பதை.

ஆனால் இதை முழுக்கப் புகழ்வதற்கு முன் யோசிக்க வேண்டும். அந்த ஐந்து பேக்கப்களையும் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று யாருக்கும் தெளிவாக இல்லாமல் போனதும் இதே ஒப்படைப்பு முறையில்தான். கெட்ட செய்தி வெளிவந்தபின் மின்னல் வேகம். வெளிவருவதற்கு முன் அதைத் தேடிப் போக ஆள் இல்லை. ஒப்படைக்கும் வழியின் விலை இரண்டு. எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். வாய்மொழியிலேயே ஓடும் நம் நிறுவனங்களுக்கு இது பணத்தைவிடப் பெரிய செலவு. இரண்டாவது, எதற்கும் ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும். குழு பார்த்துக்கொள்ளும் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின்

இதுவரை சொன்ன கணக்கில், கெட்ட செய்தி யாரோ ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டோம். இப்போது அதுவும் நிச்சயமில்லை. 2025இல் வெளியான ஒரு சோதனையில் அனுபவம் மிக்க 16 நிரலாளர்கள் தங்களுக்கு நன்கு பழக்கமான திட்டங்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியை அனுமதித்தபோது வேலை முடிய 19 சதவீதம் அதிக நேரம் ஆனது. முடித்தபின் கேட்டபோது, கருவியால் 20 சதவீதம் நேரம் மிச்சமானதாகவே அவர்கள் நம்பினார்கள். சிறிய சோதனைதான், கருவிகளும் மாதாமாதம் மாறுகின்றன. 2023இல் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களிடம் நடந்த பெரிய சோதனையில், கருவிக்கு ஏற்ற வேலைகள் கால்பங்கு வேகமாகவும், கூடுதல் தரத்தோடும் முடிந்தன. கருவியின் எல்லைக்கு வெளியே வைத்த ஒரு வேலையிலோ, அதைப் பயன்படுத்தியவர்கள் சரியான விடைக்கு வரும் வாய்ப்பு 19 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பது வேலை செய்கிறவருக்கே தெரியவில்லை.

இது மூன்று வழிகளின் வரிசையை மாற்றுகிறது. கோட் எழுதும் வேலையில் நேரத்தையும் வரிகளையும் எண்ணுவது இனி முற்றிலும் பயனற்றது. ஒரு மணி நேரத்தில் இரண்டாயிரம் வரி எழுதுவதற்கு இப்போது திறமை தேவையில்லை. முழுமையாக ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவதும் முன்பைவிட ஆபத்து, ஏனென்றால் நேர்மையான ஊழியரும் தன்னை அறியாமல் தவறான தகவலைத் தரலாம். கூடியிருப்பது இன்னொரு மனிதர் படித்துப் பார்ப்பதன் மதிப்பு. கோட் ரிவியூவை வேலைக்கு நடுவே வரும் தொல்லையாக நடத்திய குழுக்கள், மூத்தவர்களின் நாளில் அதற்கென்று மணி நேரத்தை ஒதுக்கியாக வேண்டும்.

எந்தக் குழுவுக்கு எது?

ஒரு நிறுவனத்துக்கு ஒரே முறை என்று தேட வேண்டியதில்லை. குரோவ் சொன்ன இன்னொரு கருத்து ஓகேஆரைவிடப் பயனுள்ளது, அதைவிடக் குறைவாக அறியப்பட்டது: மேலாண்மை முறையை ஆளின் மூப்பை வைத்துத் தீர்மானிக்காமல், அந்தக் குறிப்பிட்ட வேலையில் அவருக்கு உள்ள பக்குவத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். பதினைந்து ஆண்டு ஜாவா எழுதியவர் மென்பொருளை இணையவழி வாடகை சர்வர்களுக்கு மாற்றும் கிளவுட் இடமாற்றத்தை முதன்முதலாகக் கையில் எடுக்கும்போது, அந்த வேலையில் அவர் புதியவர். அவருக்கு அங்கே என்ன, எப்போது, எப்படி என்று நெருக்கமாகப் பேச வேண்டும். அவருக்கு அது கௌரவக் குறைவாகப் படாமல் பேசுவது மேலாளரின் சாமர்த்தியம்.

எனவே என் பரிந்துரை இப்படிப் போகும். கல்லூரி முடித்து வந்த புதியவர்கள் நிறைந்த குழுவுக்கு முதல் ஆண்டு அலுவலகம், பக்கத்தில் ஒரு மூத்தவர், தினமும் பேச்சு; இலக்குத் தாள் எல்லாம் அப்புறம். டிக்கெட் வந்து டிக்கெட் போகும் ஆதரவுக் குழுவுக்கு நேரமும் எண்ணிக்கையும் பொருந்தும், ஆனால் மீண்டும் திறக்கப்பட்ட டிக்கெட்டுகளையும் கூடவே எண்ண வேண்டும். சொந்தத் தயாரிப்பில் வேலை செய்யும் நான்கைந்து அனுபவசாலிகளின் குழுவுக்கு ஒப்படைப்பு, எழுத்தோடும் பெயரோடும். நடுவில் இருக்கும் பெரும்பான்மைக்குச் சம்பளத்திலிருந்து விலக்கிய இலக்குகள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நம்பிக்கைக் கேள்வி. மணிக் கணக்கில் பில் போடும் கிளையன்ட் திரைக் கண்காணிப்பைக் கேட்டால், ஒப்பந்தத்துக்கு முன்பே பேரம் பேசுங்கள். விட்டுக்கொடுக்க வேண்டி வந்தாலும் அந்தத் தரவை உங்கள் அப்ரைசலுக்குள் நுழைய விடாதீர்கள்.

எது உங்களுக்குத் தேவை என்று இன்னும் சந்தேகமாக இருந்தால், தாமதமான கடைசி ஐந்து டெலிவரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும், தாமதமாகும் என்று குழுவில் முதலில் யாருக்கு, எந்த வாரம் தெரிந்தது என்று விசாரியுங்கள். தண்டனை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்டால்தான் பதில் வரும். உங்களுக்குத் தெரிந்த வாரத்தை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இடைவெளி ஒரு வாரத்துக்குள் இருந்தால் இப்போதுள்ள முறையைத் தொடாதீர்கள், அது எவ்வளவு பழைய முறையாக இருந்தாலும். ஒரு மாதத்தைத் தாண்டினால் எந்த மென்பொருளை வாங்கியும் பயனில்லை. குழுத் தலைவரை மாற்ற வேண்டியிருக்கலாம், அல்லது கெட்ட செய்தியோடு வந்தவரை நீங்கள் கடைசியாக எப்படி நடத்தினீர்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

குழுத் தலைவரை மாற்றுவது என்று வந்தால் ஒரு எச்சரிக்கை. நன்றாகக் கோட் எழுதுகிறவரையே மேலாளராக்குவது நம் வழக்கம், ஏனென்றால் சம்பளம் உயர வேறு ஏணி இல்லை. மேலாளராகாமலேயே அதே சம்பளத்துக்கு உயரக்கூடிய தொழில்நுட்பப் பதவிகளை முதலில் உருவாக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு நல்ல பொறியாளரை இழந்து ஒரு விருப்பமில்லாத மேலாளரைப் பெறுவீர்கள். தொண்ணூறு நாள் நோட்டீஸ் காலத்தில் அவரும் வேறு இடம் தேடிக்கொண்டிருப்பார்.

மாற்றத்தை ஏப்ரலில் தொடங்காதீர்கள். அப்ரைசல் மாதத்தில் சொல்லும் எதுவும் சம்பளத்தைப் பற்றிய பேச்சாகத்தான் காதில் விழும். ஜூலையில், ஒரே ஒரு குழுவில், இரண்டு காலாண்டு ஓட்டிப் பாருங்கள். அந்தக் குழுவில் நம்பிக்கை மதிப்பெண் ஐந்துக்குக் கீழே போன முதல் வாரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை மற்றக் குழுக்கள் கவனித்துக்கொண்டிருக்கும்.